கதவுக்குப் பின்னால் நின்று நான் பேசியது

எங்கள் தெருக் கோயிலில் வருஷத்துக்கு ஒருமுறை, தை மாதத்தில், பெருமாளுக்கும் தாயாருக்கும் சண்டை நடக்கும். ஊடல் உற்சவம் என்பார்கள். முதல் நாள் பெருமாள் வேட்டைக்கென்று பாலாற்றங்கரைத் தோப்புக்குப் புறப்பட்டுப் போவார். மறுநாள் காலை திரும்பி வரும்போது தாயார் சந்நிதிக் கதவு சாத்தியிருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் போனவர் எங்கே தங்கினார், மாலை ஏன் கசங்கியிருக்கிறது, விரலில் இருந்த மோதிரம் எங்கே என்று தாயார் உள்ளே இருந்து கேட்பார். பெருமாள் வெளியே பல்லக்கில் இருந்தபடி சமாதானம் சொல்வார். பெரிய கோயில்களில் இதை அர்ச்சகர்கள் ஏட்டில் உள்ளபடி வாசிப்பார்கள். எங்களுடையது நெசவுக்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்னக் கோயில். ஏடு கிடையாது. தெருவில் இரண்டு ஆம்பிளைகள், ஒருவர் பெருமாளுக்காகவும் ஒருவர் தாயாருக்காகவும், மனசில் தோன்றியதைப் பேச வேண்டும். அரை மணி நேரம் இழுத்த பிறகு பெருமாள், "இனிமே சொல்லாம போவமாட்டேன்" என்று ஒத்துக்கொள்வார். கதவு திறக்கும். ஜனங்கள் கோவிந்தா சொல்வார்கள். புளியோதரை கொடுப்பார்கள்.

பதினோரு வருஷம் தாயாருக்காகப் பேசியவன் நான்.

அதற்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. முதல் நாளிலிருந்து பட்டினி இருக்க வேண்டும். தாயாருக்குச் சாத்திக் களைந்த புடவையை முக்காடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். வலது கையில் பச்சைக் கண்ணாடி வளையல் போட வேண்டும். அந்த வளையலைப் பேசுகிறவனுடைய மனைவிதான் போட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். என் கை தறியில் உழைத்த கை, முட்டியெல்லாம் பெருத்துப் போனது. என் மனைவி சோப்பு நுரையைத் தடவி ஒவ்வொன்றாக ஏற்றுவாள்.

"தாயாரே, கையக் கொஞ்சம் தளர்த்துங்க. ஒடஞ்சா எங்க ஊட்டுக்காரரு திட்டுவாரு" என்பாள்.

எட்டாவது வரை படித்தவன் நான். மேடை ஏறிப் பேசத் தெரியாது. நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் சாத்திய கதவுக்குப் பின்னால், முக்காடு போட்டுக்கொண்டு, கையில் மைக்கை வைத்துக்கொண்டு நின்றால் எங்கிருந்தோ ஒரு பொம்பளைக் குரல் வந்துவிடும். அந்தக் குரலுக்குக் கூச்சம் கிடையாது. அது தாயார் கொடுத்த வாய் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியவன் செய்கிற காரியமா நான் செய்தது என்று இன்றைக்கும் நினைத்து நினைத்துக் குன்றிப் போகிறேன்.

முதல் சில வருஷங்கள், எனக்கு முன்னால் தாயாருக்காகப் பேசிய என் சித்தப்பாவின் பேச்சையே நானும் பேசினேன். மாலை கசங்கினது, மோதிரம் காணாமல் போனது, அவ்வளவுதான். வயசானவர்கள் தலையாட்டிக் கேட்பார்கள். பிள்ளைகள் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு வருஷம் எனக்கே அலுத்துப் போய், முதல் நாள் என் மனைவி என்னைத் திட்டின திட்டை லேசாக மாற்றிப் போட்டுவிட்டேன். வீட்டில் அவள் சொன்னது, "தெருவ அளந்துக்கினு திரியறீங்களே, ஒரு ஆழாக்கு உப்பு அளந்து போடத் தெரியுதா" என்பது. தாயார் வாயில் அது, "மூணு அடியில உலகத்த அளந்தீங்களே, ஒரு ஆழாக்கு உப்பு அளக்கத் தெரியுதா" என்று வந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. போனை நோண்டினவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். அன்றைக்கு என் மனைவியும் சிரித்தாள். "அது நான் சொன்னதாச்சே" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னாளாம்.

அதிலிருந்து எனக்கு ஒரு ருசி வந்துவிட்டது.

எங்கள் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். புடவையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால், இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் கோத்து நெய்ய வேண்டும். அதைக் கோர்வை என்போம். ஒரு ஆள் தறியில் உட்கார்ந்து நெய்ய, இன்னொரு ஆள் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கான நூலைத் தாராகச் சுற்றி உள்ளே வைத்த மரக்கட்டையை, நாடாவை, எறிந்து கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் என் மனைவி. கல்யாணம் ஆன மறுமாசத்திலிருந்து அப்படித்தான். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் சமையல் நேரம் போக சாயங்காலம் வரை பக்கத்தில் பக்கத்தில். எங்கள் குடும்பப் பேச்சு எல்லாம் அங்கேதான். சண்டையும் அங்கேதான். அவள் பேசுவாள், நான் "ம்" போடுவேன். பாதி காதில் விழாது. தறிச் சத்தத்தின் மேல் பழி போட்டுவிடுவேன்.

அந்த ருசி வந்த பிறகு நான் கவனமாகக் கேட்க ஆரம்பித்தேன். "நான் பேசினா காது பஞ்சடைச்சிக்கும், பக்கத்து ஊட்டு மிக்சி ஓடினா மட்டும் இன்னா சட்னின்னு கேக்கும்" என்று ஒரு நாள் சொன்னாள். நெய்வதை நிறுத்திவிட்டு, "திருப்பிச் சொல்லு" என்றேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். அவளுடைய கோபம், சலிப்பு, கிண்டல் எல்லாவற்றையும் மனசுக்குள் மடித்து வைத்துக்கொள்வேன். தை மாதம் பிரித்து எடுப்பேன்.

"இப்பல்லாம் நான் பேசுறது உங்க காதுல உழுது" என்று ஒருமுறை சொன்னாள். முகமெல்லாம் சந்தோஷம். "பெருமாள் எனக்கு இப்பவாவது கண்ணத் தொறந்தாரு."

நான் தறியைப் பார்த்துக்கொண்டு நெய்தேன்.

இனி பெண் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் என் குற்றம் புரியாது.

என் மனைவியின் ஊர் ஓரிக்கை. அவளும் தங்கையும் இரண்டே பேர், ஒரு வயது வித்தியாசம். நாங்கள் பெண் பார்க்கப் போன அன்று, முதலில் ஒரு பெண் தட்டில் தண்ணீர் டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். மாநிறம், சிரித்த முகம். நான் நன்றாக நிமிர்ந்து பார்த்தேன். அதற்குப் பிறகு காபி வந்தது. அதற்குள் எனக்கு வெட்கம் வந்து தலையைக் குனிந்துகொண்டேன். காபி கொடுத்தவளுடைய கையும் கால் விரலும்தான் தெரிந்தன. தண்ணீர் கொண்டுவந்தவள்தான் பெண் என்று நினைத்து, திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவிடம் "புடிச்சிருக்கு" என்றேன். நிச்சயதார்த்தத்தன்று மணையில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்தவள் தங்கை. வாசலில் கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நாடகத்தில் வருகிற மாதிரி இருக்கிறதில்லையா. நாடகமாக இருந்தால் நான் எழுந்து ஏதாவது கூச்சல் போட்டிருப்பேன். நான் வாயைத் திறக்கவில்லை. தட்டு மாற்றினார்கள். பெருமாள் எழுதின எழுத்து என்று இருந்துவிட்டேன். யாரிடமும் சொன்னதில்லை. தாலி கட்டி ஆறு மாசத்தில் எனக்கே அது மறந்தும் போனது. அப்படிப்பட்டவள் எனக்குக் கிடைத்தவள்.

இருபத்து நாலு வருஷம் கழித்து, ஒரு புரட்டாசி மத்தியானம், தறியில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கு நீங்க யாரப் பார்த்தீங்க?"

"உன்னத்தான். வேற யார?"

"கத உடாதீங்க. நான் கதவாண்ட நின்னு பார்த்துக்கினுதான் இருந்தேன். உங்க கண்ணு தண்ணித் தட்டு பின்னாடியே உள்ள வரைக்கும் போச்சு. நிச்சயத்தன்னிக்கு உங்க மூஞ்சியப் பார்த்தேன். தப்புக் கலர் தார் போட்டு ஒரு மொழம் நெய்ஞ்சிட்ட மாதிரி இருந்துது."

என் கையில் நாடா அப்படியே நின்றுவிட்டது. "இத்தினி வருஷமா தெரிஞ்சுமா சும்மா இருந்தே?" என்று கேட்டேன்.

"மொத ரெண்டு வருஷம் அழுதேன். உங்களுக்குத் தெரியாது. அப்புறம் போயிடுச்சு. இப்ப நெனச்சா சிரிப்புதான் வருது." கரை நாடாவை எறிந்துவிட்டுச் சொன்னாள். "ஆனா இத வெளிய உடாதீங்க. அவளுக்கு இது தெரியவே தெரியாது. தெரிஞ்சா அக்கா வாழ்க்கையில குறுக்க நின்னுட்டோம்னு நெனச்சிக்குவா. நம்ம ஊட்டு வாசப்படி மிதிக்கமாட்டா. எனக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அவர்கள் அப்பா அம்மா இரண்டு பேருமே அதற்குள் போய்விட்டிருந்தார்கள். அக்காவுக்குத் தங்கை, தங்கைக்கு அக்கா. மச்சினிச்சியை உள்ளூரிலேயே, ஓரிக்கையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவருக்குக் கொடுத்திருந்தது. என் சகலை. மரியாதையான மனுஷர். வாரத்துக்கு ஒரு நாளாவது மச்சினிச்சி வீட்டுக்கு வந்து தறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அக்காவோடு பேசிவிட்டுப் போவாள். அவளுடைய பெண்ணுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தது. முகூர்த்தப் புடவையை எங்கள் தறியில் நாங்களே நெய்து தருவதாக என் மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். அரக்கு உடம்பு, பச்சைக் கரை. பாவு நூலைத் தறியில் ஏற்றிப் பத்து நாள் ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்த வருஷத்து ஊடல் வந்தது.

பெருமாளுக்காகப் பேசுகிறவர் தெருமுனையில் பால் பூத் வைத்திருக்கிறவர். நல்ல வாய். அன்றைக்கு அவருக்கு எல்லாம் கூடி வந்தது.

"போனீங்க வேட்டைக்கு. கையில ஒரு மொசலு இல்ல. இன்னாத்த வேட்டையாடினீங்க?" என்று நான் ஆரம்பித்தேன்.

"மொசலு எதிர்க்க வந்து சரணாகதின்னு உழுந்துடுச்சும்மா. உழுந்தவன அடிச்சா நாளைக்கு எவன் என்னை நம்புவான்?" என்றார் அவர். வெளியே ஒரே கைதட்டல்.

"அப்ப மோதிரம்?"

"அந்த மொசலுக்குக் கல்யாணமாம். மொய் வச்சிட்டேன்."

"தோள்ல மஞ்சக் கறை இருக்குதே, அது யாரு மஞ்சள்?"

"உன்னுதுதான். தண்ணி காய வச்சிக் குடுத்திருந்தா குளிச்சிட்டுப் போயிருப்பேன். நீதான் சீரியல் பார்த்துக்கினு இருந்தியே."

பெண்கள் பக்கத்திலிருந்தே சிரிப்பு வந்தது. தாயார் கட்சியே பெருமாளைப் பார்த்துச் சிரிக்கிறது. கதவுக்குப் பின்னால் எனக்கு வேர்த்துவிட்டது. பட்டினி வேறு. தோற்றுப் போகிறோம் என்கிற ஒரே நினைப்புதான். அப்போது அவர் குரலை இறக்கி, உருகுகிற மாதிரி, "அம்மா தாயே, உன்ன விட்டா என் கண்ணுல வேற ஒருத்தியும் பட்டதே இல்லம்மா" என்றார்.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு விநாடி யோசித்தேன். சொல்லாதே என்று உள்ளே ஒன்று சொன்னது. அதற்கு மேல் வாய் போய்விட்டது.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே தண்ணி கொண்டாந்த என் தங்கச்சியத்தானே பார்த்தே. உன் கண்ணு தட்டு பின்னாடியே உள்ள வரைக்கும் போச்சே. கதவாண்ட நின்னு பார்த்துக்கினு இருந்தேன்யா நான். நிச்சயத்தன்னிக்கு உன் மூஞ்சி, தப்புக் கலர் தார் போட்டு ஒரு மொழம் நெய்ஞ்சிட்ட மாதிரி தொங்கிச்சே, மறந்துட்டியா?"

அந்த மாதிரி ஒரு சிரிப்பை எங்கள் கோயில் கேட்டதில்லை. சுவரெல்லாம் அதிர்ந்தது. பால் பூத்காரருக்குப் பதில் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். இருட்டில் முக்காட்டுக்குள் நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் நின்றேன்.

கதவு திறந்து வெளியே வந்தபோது என் மனைவி நின்ற இடத்தில் அவள் இல்லை. மச்சினிச்சியும் சகலையும் உற்சவத்துக்கு வந்திருந்தார்கள். மச்சினிச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் எங்கள் எதிர்வீட்டு அத்தை. அன்றைக்குப் பெண் பார்க்க எங்களோடு வந்தவர். அவர் வஞ்சனை இல்லாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, "ஆமாண்டா, எனக்கு ஞாபகம் இருக்குது. தண்ணி கொண்டாந்தவ சின்னவதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

சகலை என் முகத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிரசாதம் வாங்காமலே வண்டி ஏறிப் போனார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது என் மனைவி சமையல்கட்டில் இருந்தாள். பட்டினி கிடந்தவனுக்கு இலை போட்டுச் சாதம் வைத்தாள். வளையலை நானேதான் கழற்றினேன். இரண்டு உடைந்தன. அவள் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மறுநாள் ஏழு மணிக்குத் தறியில் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். நாடா வர வேண்டிய நேரத்துக்கு வந்தது. பேச்சு வரவில்லை. "சாப்பாடு ஆச்சு", "கரண்டு போச்சு", "ஜரிகை தீருது", இவ்வளவுதான் அவள் பேசின பேச்சு. பக்கத்து வீட்டு மிக்சி ஓடினால் நன்றாகக் கேட்டது.

நான் பேசினது யாரோ ஒருவர் போனில் பதிவாகியிருந்தது. ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். அது ஓரிக்கைக்கும் போய்ச் சேர்ந்தது. சகலையின் கடையில் மோட்டார் கொண்டுவந்த ஆள், "இன்னா, தண்ணி கொடுக்கச் சொல்லேன் உங்க ஊட்டுல" என்று கேட்டு, அவர் அந்த மோட்டாரைத் தூக்கி வெளியே வைத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மச்சினிச்சி அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. என் மனைவி போன் பண்ணினால் மணி அடித்து நின்றது. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் மாசியில் வைத்திருந்தது. பெரியம்மாதான் தாம்பூலத் தட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். அழைப்பு வரவில்லை. நிச்சயம் நடந்து முடிந்தது எங்களுக்கு எதிர்வீட்டு அத்தை மூலம்தான் தெரிந்தது. அன்றைக்கும் நாங்கள் தறியில் உட்கார்ந்து அதே பெண்ணின் முகூர்த்தப் புடவையை நெய்துகொண்டிருந்தோம்.

"நிறுத்திடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கொழந்த இன்னா பண்ணுச்சு?" என்றாள். நாடாவை எறிந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள். "என் பேச்சக் கேக்குறீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன். பொறுக்கிக்கினு இருந்திருக்கீங்க."

 அறுந்திருந்த ஒரு இழையைத் தேடிப் பிடித்து முடிந்தேன்.

பங்குனி முதல் வாரம் அவளிடம் சொல்லாமல் ஓரிக்கைக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போதே ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டேன். கடை வாசலிலேயே சகலை உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லவில்லை. ஸ்டூலைக் காலால் நகர்த்தினார்.

"அது சும்மா கூட்டத்த சிரிக்க வைக்கச் சொன்ன கத. நெசமில்ல" என்றேன்.

"அண்ணா" என்றார் அவர். கம்பியை விடவில்லை. "நான் ஒண்ணு சொல்லட்டா. நீங்க கல்யாணத்துக்கு முன்னாடி யாரப் பார்த்தீங்க, எனக்கு அது பிரச்சனை இல்ல. வயசுப் புள்ள, பார்ப்பான். எனக்கு இன்னா கேள்வின்னா, உங்க கத நெசமில்லன்னா உங்க எதிர்வூட்டு அத்த ஏன் ஆமான்னாங்க? இப்ப எம் மொகத்துக்கு நேரா வந்தும் இதத்தான் பேசணுமா?"

என் உடம்பு சின்னதாகிப் போனது. கோயிலில் பேசினது ஒரு தப்பு, அதை மூட வந்து இன்னொரு தப்பு. நான் தலையைக் குனிந்துகொண்டு, "நெசந்தான்" என்றேன்.

உள்ளேயிருந்து மச்சினிச்சி வந்து கதவருகே நின்றாள். இளைத்திருந்தாள்.

"மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். தார் கலர், தட்டு பின்னாடி கண்ணு போனது, இதெல்லாம் உங்க பேச்சு இல்ல. அக்கா பேச்சு. அக்காதான சொன்னா?"

"ஆமா."

"அப்ப இத்தினி வருஷமா அக்கா மனசுல இது இருந்துது. நான் வாரா வாரம் வந்து உக்காந்துக்கினு இருந்தேன். என்னைப் பார்த்தா அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? வேல இருக்குது, நீ போய்ட்டு வான்னு அவ எப்பனா சொல்லியிருந்தா, அது இதனாலதானான்னு நான் ஒவ்வொண்ணா நெனச்சிப் பார்த்துக்கினு இருக்கேன் மாமா. ரெண்டு மாசமா அதான் வேல எனக்கு."

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துத்தான் அங்கே போனேன். என்னை அவள் கணக்கிலேயே வைக்கவில்லை. அவளுக்கு வலித்த இடம் வேறு. புரட்டாசி மத்தியானம் நடந்ததை அப்படியே சொன்னேன். முதல் இரண்டு வருஷம் அழுதாள் என்பதையும் சொன்னேன், இப்போது சிரிப்புதான் வருகிறது என்றதையும் சொன்னேன். "உனக்குத் தெரிஞ்சா நீ வரமாட்டே, அவளுக்குப் பொறந்த ஊடே நீதான்னு சொல்லி, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. நான் சரின்னேன். சரின்னு சொன்னவன்தான் மைக்குல சொன்னேன்."

மச்சினிச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு, "நீங்க கெளம்புங்க மாமா. நான் அக்காகிட்ட பேசிக்கிறேன்" என்றாள்.

சகலை எழுந்து என்னோடு பஸ் நிற்கிற இடம் வரை வந்தார். "அவ சமாதானம் ஆயிடுவா" என்றார். "என்னைக் கேக்காதீங்க. எனக்கு நாள் ஆவும்." நான் அவர் கையைப் பிடிக்கப் போனேன். கையில் கிரீஸ் இருக்கிறது என்று பின்னால் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மச்சினிச்சி வீட்டுக்கு வந்தாள். நான் கடைக்குப் போகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கும் போகத் தோன்றவில்லை. கோயிலுக்குப் போனேன். தாயார் சந்நிதியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நமஸ்காரம் பண்ணினேன். மன்னித்துக்கொள் என்று கேட்க வாய் வரவில்லை. பெண்டாட்டியின் மனசைத் திருடி உன் வாயால் விற்றேன் அம்மா என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்குத் திரும்பியபோது தெருவிலேயே இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. எனக்குப் போன உயிர் வந்தது. உள்ளே கால் வைத்தேன். சிரிப்பு நின்றது. மச்சினிச்சி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். என் மனைவி, "காபி வேணுமா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் நான் வந்தால் அவர்கள் பேச்சு நிற்காது. என் எதிரிலேயே என்னைக் கிண்டல் பண்ணுவார்கள். அன்றைக்கு நின்றது. அதற்குப் பிறகும் நிற்கிறது.

முகூர்த்தப் புடவையைப் பங்குனி கடைசியில் நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். என் மனைவி அதை மடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, தானே ஓரிக்கைக்கு எடுத்துப் போனாள். கல்யாணத்தில் பெரியம்மாவாக முன்னால் நின்றாள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றினேன். சகலை நல்லா சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அவ்வளவு கேட்டதே பெரிது.

கோயில் நிர்வாகத்திடம் இனிமேல் நான் பேசவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் புரியவில்லை.

"போன வருஷம் மாதிரி எந்த வருஷமும் நடந்ததில்ல. ஜனங்க கேட்டுக்கினு இருக்காங்க. இப்பப் போய் மாட்டேன்றீங்களே" என்றார் தலைவர்.

"தொண்டை சரியில்ல" என்றேன். பழக்கதோஷம், மறுபடி பொய். இரண்டு அடி நடந்து, திரும்பி வந்து, "தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நான் பேசினது எங்க ஊட்டுப் பேச்சு. தாயாருது இல்ல. அந்த எடத்துல நிக்க எனக்கு யோக்யத இல்ல" என்று சொன்னேன். தலைவர் என் முதுகைத் தட்டினார். இந்தத் தையில் வேறு ஒருவர் பேசினார். சித்தப்பா காலத்துப் பேச்சையே பேசினார். மாலை கசங்கினது, மோதிரம் காணாமல் போனது. என் மனைவி பெண்கள் பக்கத்தில் நின்று அதற்குச் சிரித்தாள்.

இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டேன். "உங்க வெக்கத்த எழுதுங்க. எம் பேச்சுல எது இருக்கும், எது இருக்காதுன்னு நான் சொல்லுவேன்" என்றாள். எழுதினதை எல்லாம் தறியில் உட்கார்ந்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னாள். அடித்துவிட்டேன். மச்சினிச்சியையும் போனில் கேட்டாள். "இருந்துட்டுப் போவட்டும்கா" என்றாளாம்.

இப்போது அவள் மறுபடி பேசுகிறாள். முன்பு போல் நாள் முழுக்க இல்லை. ஏதாவது மனசில் இருந்தால், நாடாவைக் கையில் நிறுத்திவைத்துக்கொண்டு, "இது ஊட்டோட" என்பாள். நான் நெய்வதை நிறுத்திவிட்டு, "ஊட்டோட" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் விஷயம் வரும். கட்டின புருஷனிடம் பேச அவளுக்கு ஒவ்வொரு முறையும் வாக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அவமானமாக இருக்கிறது. ஆனால் கேட்கிறாளே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வாக்குக் கொடுக்கிறேன்.

இன்று காலையில் கூட அப்படி ஒன்று சொன்னாள். நெடுநேரம் சொன்னாள். நான் முழுசும் கேட்டேன். அது என்ன என்பதை இங்கே எழுதவில்லை.